ஐக்கியமான கடைகள்

நாவல் மரத்தடியில் வரிச்சி என்ற அணில் பழக்கடை வைத்திருந்தது. எதிரே பாறைப் பொந்தில் மடக்கான் என்ற மலைப்பாம்பு தேன்கடை நடத்தியது.

ஒரு காலையில் பாம்பு நெளிந்து நெளிந்து வந்தது.

"வரிச்சியம்மா! தனித்தனியாக எதற்குத் திண்டாட வேண்டும்? நம் கடைகளை ஐக்கியமாக்கிவிடுவோம்!"

"ஐக்கியமா? அப்படியென்றால்?"

"இரண்டும் ஒன்றாவது! பெரிய பெரிய வியாபாரிகள் பேசுகிற சொல்!"

அணில் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தது. பழத்தைவிட இனித்தது! "நாளைக்கே வைத்துக்கொள்வோம்!" என்றது.

அன்று முழுக்கக் கிளைக்குக் கிளை தாவி, "எனக்கு நாளைக்கு ஐக்கியம்!" என்று தம்பட்டம் அடித்தது. ஏதோ கல்யாணம் என்று நினைத்த மைனாக்கள், "மாப்பிள்ளை யார்?" என்று கேட்டன.

"மாப்பிள்ளை இல்லையடி! மடக்கான் அண்ணன் கடை!"

பக்கத்துக் கிளையில் இருந்த காகம் தலையைச் சாய்த்தது. "ஓ, அந்த ஐக்கியமா? போன மழைக்காலத்தில் வெள்ளெலியார் கடையும் அப்படித்தான் ஐக்கியமானது. அதற்கு முன்பு காடையம்மா கடை."

"இப்போது எப்படி இருக்கிறார்கள்?"

"யார் கண்டது? அதற்கப்புறம் ஆளையே காணோம்!"

அணில் அதோடு தம்பட்டத்தை நிறுத்தியது.

மறுநாள் பாம்பு 'மடக்கான் அண்ட் கோ' என்று புதுப் பலகை எழுதிக்கொண்டு வந்தது. அணில் கீழே இறங்கவில்லை. முதல் கிளையில் இருந்தபடியே கேட்டது.

"அண்ணே! வெள்ளெலியார் எங்கே?"

"ஐக்கியமாகிவிட்டார்!"

"காடையம்மா?"

"அவரும்தான்! இருவரும் ஒரே இடத்தில் சௌக்கியம்!"

"அவர்களை ஒருமுறை பார்க்க வேண்டுமே!"

"அதற்கென்ன? உள்ளே வந்து பார்!" என்று பாம்பு வாயை ஆவென்று திறந்தது.

அணிலின் வால் சிலிர்த்தது. ஒரே தாவலில் உச்சிக்கு ஏறியது. பாய்ந்த பாம்பின் வாயில் மரப்பட்டைதான் சிக்கியது.

பாம்பு பட்டையைத் துப்பிவிட்டுக் கத்தியது. "இரண்டும் ஒன்றாவதற்குச் சம்மதம் சொன்னாயே!"

"சொன்னேன் அண்ணே! அந்த ஒன்று நீங்கள்தான் என்பது இப்போதுதான் புரிந்தது!"

ஒரு சொல் காதுக்கு இனிக்கிறதே என்று தலையாட்டாமல், அதைச் சொல்கிறவர் இதுவரை அதை வைத்து என்ன செய்தார் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.