சடையப்பன் அழகு காட்டிய கதை

ஏமாளம்பட்டிக்காரர்களைப் பற்றி ஊருலகம் இல்லாததும் பொல்லாததும் பேசும். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஊர்ச் சடையப்பனுக்கு வயது முப்பத்துநாலு. பதினோரு இடத்தில் பெண் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. பன்னிரண்டாவது இடத்தைப் பேசி முடித்த தரகர் சாமியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இதுவும் போச்சுன்னா என்னைத் தேடி வராதீங்க. பொண்ணு வந்து நின்னதும் மாப்பிள்ளை தன் அழகைக் காட்டட்டும். மத்தவங்க வாயே தொறக்கக் கூடாது.”

சடையப்பன் நேரே வீட்டுப் பெரியவர்களிடம் போனான். மாமா ஒண்டிமுத்துவும் சித்தப்பா கூத்தையனும் கூடி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“அழகு காட்டுறதுன்னா நாக்கைத் துருத்திக்கிட்டு முழியை உருட்டுறதுதானே?” என்றார் மாமா.

“அதேதான். வாத்தியாருக்கு அழகு காட்டினேன்னு என்னை முட்டி போட வச்சாங்களே,” என்றார் சித்தப்பா.

“அப்ப அது தப்பில்லீங்களா?” என்றான் சடையப்பன்.

“வாத்தியாருக்குக் காட்டினாத்தான் தப்பு. பொண்ணுக்குக் காட்டலாம். தரகரே சொல்லிட்டாரு,” என்றார் மாமா.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் பயிற்சி நடந்தது. மாமா பார்த்துக் கண் கலங்கினார். இவ்வளவு அழகையும் வைத்துக்கொண்டா பிள்ளை இத்தனை வருஷம் தனியாகக் கிடந்தான் என்று அவருக்கு ஆற்றாமை.

பெண் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. வாய்தான் திறக்கக் கூடாதே! மாமாவும் சித்தப்பாவும் உதட்டை இறுக்கிக்கொண்டு தட்டையே பார்த்தபடி இருந்தார்கள். கேசரியில் முந்திரி வேறு. எனக்கே பாவமாக இருந்தது.

பெண் மயிலாத்தா காப்பியோடு வந்து நின்றாள். சடையப்பன் கீழிமையை இழுத்து, மூக்கை மேலே தூக்கி, நாக்கை மோவாய் வரை தொங்கவிட்டான்.

பெண்ணின் அப்பா துள்ளி எழுந்தார். “எம் பொண்ணுக்கேவா அழகு காட்டுறே?”

“ஆமாங்க,” என்றான் சடையப்பன் பணிவாக. “பக்கவாட்டுல இன்னொண்ணு இருக்குதுங்க.”

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மயிலாத்தா தட்டைக் கீழே வைத்தாள். வாயைக் காது வரை இழுத்து, கருவிழி இரண்டையும் மூக்கருகே கொண்டுவந்து, திருப்பி ஒன்று காட்டினாள் பாருங்கள், சடையப்பனின் நாக்கு தானாக உள்ளே போய்விட்டது.

“கட்டினா இவரைத்தான் கட்டுவேன்,” என்றாள். அப்பா கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். அவள் மசியவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும், வெளியூர் போட்டோக்காரர் இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தினார். அழகெல்லாம் படத்தில் தெரியவேண்டும், தான் சொல்லும்வரை யாரும் முகத்தை மாற்றக் கூடாது என்றார். உடனே எல்லோரும் காட்டினார்கள். மனுஷன் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, மிரண்டுபோய் பஸ் ஏறிவிட்டார். போதும் என்று சொல்லவில்லை.

நாலாம் நாள், முகத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். தபால்தலை ஒட்டுவதில் சிரமமே இல்லை. எல்லோர் நாக்கும் வெளியேதான் இருந்தது.