இரண்டு யானைக்கும் நிமிராத துணிக்கொடி

வெகு காலத்துக்கு முன்பு கடம்பவனூரை முடிவேந்தர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தூங்கும்போதுகூட மகுடத்தைக் கழற்றாதவர். அப்பேர்ப்பட்டவர் குதிரையேறி வீதியுலா வந்த அன்று, சலவைத்துறைப் பக்கம் தொய்ந்து கிடந்த துணிக்கொடியில் காயப்போட்டிருந்த ஓர் ஈர வேட்டி, மகுடத்தைத் தட்டிச் சகதியில் தள்ளிவிட்டது. ராஜாவுக்கு வழுக்கைத் தலை என்பது அன்றுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது.

கொடி கட்டிய சலவைக்காரி செங்கமலத்தைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு தளபதி சண்டப்பிரதாபர் எழுந்தார். "சோம்பேறி, பிரபு. இறுக்கிக் கட்டியிருந்தால் கொடி நேராக நின்றிருக்கும். இவள் தலையை வாங்கிவிடலாம்."

செங்கமலம் தலை நிமிர்ந்து பேசினாள். "வேட்டி தொங்குற கொடியை நேரா நிறுத்த யாராலயும் ஆகாது, மகாராஜா. தளபதி ஐயா நிறுத்திக் காட்டட்டும். என் தலையை நானே குடுக்கறேன்."

தளபதி சிரித்துக்கொண்டே முறுக்கேறிய கயிறு ஒன்றை அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நடுவில் அதே வேட்டி. பக்கத்துக்குப் பத்து மல்லர்கள் இழுத்தார்கள். அப்போதும் ஒரு சாண் தொய்வு மிச்சமிருந்தது. பக்கத்துக்கு ஒரு யானையைக் கட்டினார். தொய்வு விரற்கடையாகக் குறைந்தது, அதற்குமேல் மசியவில்லை. "இன்னும் இழு" என்று கத்தினார். கயிறு படாரென்று அறுந்து, வேட்டி பறந்து அவர் முகத்திலேயே அப்பியது.

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "கோட்டைக் கதவை உடைத்த யானைகள், ஒரு வேட்டியிடம் தோற்றனவா?"

"ரெண்டும் எதிரெதிரா இழுக்குது, மகாராஜா. இந்த யானை பலத்தை அந்த யானை பலம் கழிச்சுடுது. மேல தூக்க என்ன மிஞ்சுது? கயிறு ரெண்டு பக்கமும் கொஞ்சம் மேல்நோக்கிச் சாஞ்சாத்தான், ரெண்டு இழுப்பும் கூடி வேட்டியைத் தூக்கும். அந்தச் சாய்வுதான் தொய்வு."

"அப்படியானால் தினமும் எப்படி உலர்த்துகிறாய்?"

"நடுவுல கவட்டைக் கம்பு முட்டுக் குடுப்பேன். பவனிக்கு இடைஞ்சல்னு நேத்து தளபதி ஐயாதான் பிடுங்கி எறிஞ்சாரு."

ராஜா தளபதியின் பக்கம் திரும்பினார்.

செங்கமலம் பட்டும் பொன்னுமாக வீடு திரும்பினாள். அடுத்த வீதியுலாவில் ராஜாவின் மகுடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் துணிக்கொடியின் நடுவில் இருந்தது. கயிற்றை இரு கையாலும் உயர்த்திப் பிடித்து, ஈர வேட்டி தலையில் சொட்டச் சொட்ட, கம்புக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தார் சண்டப்பிரதாபர்.