ஆக்காட்டியும் ரெண்டு குவியல் கல்லும்

காட்டுக்குள்ள ஒரு குட்டை. குட்டைக்கு நடுவுல ஒரு பாறை. அந்தப் பாறையில ஒரு ஆக்காட்டிக் குருவி குடியிருந்துச்சு.

குட்டைக்கு ஒரு பக்கம் மலை. மலைப்பக்கக் கரையில நல்ல புல்லு, அங்க மான்கள் மேயும். இன்னொரு பக்கம் ஓடை. ஓடைப்பக்கக் கரை முழுக்கக் கோரை, அங்க காட்டுப்பன்னிங்க கிழங்கு தோண்டும்.

பாறையில மட்டும் யாரும் கால் வைக்க மாட்டாங்க. அது அந்தக் குட்டையோட வழக்கம். ஏன்னா ஆக்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில, கூழாங்கல்லுக்கு நடுவுல, கூழாங்கல்லு மாதிரியே நாலு முட்டை போடும். ஒரு குளம்பு பட்டா போச்சு. தண்ணி வத்திப்போய் நடந்தே பாறைக்குப் போகலாம்ங்கிற கோடையில கூட எல்லாரும் சுத்தித்தான் போவாங்க. பதிலுக்கு ஆக்காட்டி ரெண்டு கரைக்கும் சேதி சொல்லணும்.

அது சொல்ற சேதி ரொம்பச் சின்னது. எந்தக் கரை, என்ன வருது, எவ்வளவு தூரம்.

"மலைப்பக்கம், செந்நாய், பத்து மரத் தூரம்!"

முதல் வார்த்தை காதுல விழுந்த உடனே எல்லாரும் எதிர்க்கரைக்கு ஓடிருவாங்க. ஓடி முடிச்சிட்டுத்தான் என்னன்னு கேப்பாங்க. அப்படி ஓடித்தான் அங்க பல பேரு உயிரோட இருந்தாங்க.

அந்த வருஷம் மழை ஏமாத்திருச்சு. குட்டை பாதியா சுருங்குச்சு. ஓடைப்பக்கம் கோரை காஞ்சுபோச்சு. பன்னிங்க மலைப்பக்கப் புல்லுக்குள்ள மூக்கை விட்டுக் கிளற ஆரம்பிச்சுதுங்க. மானுங்களுக்கும் பன்னிங்களுக்கும் தினம் சண்டை.

சண்டை எப்படியோ ஆக்காட்டி மேல திரும்பிருச்சு.

ஒருநாள் சாயங்காலம் ரெண்டு கூட்டமும் தண்ணிக்கு வந்திருந்துச்சு. பன்னிக் கூட்டத்துக்குப் பெரியவன் கட்டையன். அவன் பாறையைப் பாத்து உறுமுனான்.

"ஏய் ஆக்காட்டி, கீழ இறங்கி வா. கேள்வி இருக்கு."

"முட்டையை விட்டுட்டு வர முடியாதுண்ணே. அங்கயிருந்தே கேளுங்க."

"போன அமாவாசைக்கு என் குட்டி ஓடைக்கரையில சுருக்குக் கம்பியில மாட்டிச்சே, நீ எப்போ சொன்ன? கழுத்து இறுகுன பிறகு சொன்ன. மான் பக்கம் ஒரு இலை அசைஞ்சாக்கூட ஊரைக் கூட்டுற. நீ மானுக்கு வேலை பாக்குற."

இதைக் கேட்ட உடனே செவலிங்கிற பெண்மான் முன்னாடி வந்துச்சு. அதோட வயித்துக்கு அடியில ஒரு குட்டி நின்னுச்சு. பொறந்து ஆறே நாள். காலு இன்னும் நடுங்கும். போன வருஷக் குட்டியைச் செவலி மலைச்சரிவுல பறிகொடுத்திருந்துச்சு. அதனால இந்தக் குட்டியை அது ஒரு நிமிஷம் கூடப் பிரியாது.

"எனக்கா வேலை பாக்குறா?" செவலி கேட்டுச்சு. "கட்டையண்ணே, பத்துச் சேதியில எட்டு மலைப்பக்கம். செந்நாய், செந்நாய்னு ஒரே பல்லவி. நாங்க குட்டியை இழுத்துக்கிட்டு ஓடுறோம். திரும்பி வந்தா எங்க புல்லை வேரோட நீங்க புரட்டி வச்சிருக்கீங்க. அவ உங்க ஆளு. எங்க கரைக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றதுதான் அவ வேலை."

"எட்டுத் தடவை உங்களைக் காப்பாத்துறா. எங்களை ரெண்டு தடவை. எங்க உயிரு மலிவா?"

"காப்பாத்துறாளா, மேய விடாம துரத்துறாளா?"

ஆக்காட்டி ரெண்டு பேரையும் பாத்துச்சு. அந்த எட்டை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. எட்டு எதுக்குன்னுதான் சண்டை.

"செந்நாய் மலையிலதான் இருக்கு, செவலி. நான் என்ன பண்ணட்டும்? கட்டையண்ணே, சுருக்கு விஷயத்துல தப்பு என்னுதுதான். அன்னைக்கு முட்டை மேல ஓடைக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தேன். ஒரு சோடிக் கண்ணு பத்தல. ஓடைப்பக்கம் பாக்க உங்கள்ல ஒருத்தரை நிறுத்துங்க. அவங்க சொன்னா நான் கத்துறேன்."

நல்ல யோசனை. ஆனா யார் காதுலயும் ஏறல. தப்பு என்னுதுன்னு அது சொன்னது மட்டும் ஏறுச்சு.

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா," அப்படின்னு ரெண்டு கூட்டமும் சேந்து கத்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் மானும் பன்னியும் ஒரே வார்த்தை பேசுச்சு.

அப்போ புதருக்குள்ள இருந்து கீரி வந்துச்சு. ரொம்பப் பணிவா வந்துச்சு.

"அக்கா, அண்ணே, கோபப்படாதீங்க. நான் எந்தக் கரையும் இல்ல, பொந்துல இருக்கிறவன். ஒரு வழி சொல்லவா? கல்லு வச்சு எண்ணுவோம். மலைச் சேதிக்கு ஒரு கல்லு, ஓடைச் சேதிக்கு ஒரு கல்லு. ரெண்டு குவியலும் சமமா இருக்கணும். மலைக்குவியல்ல ஒரு கல்லு கூட இருந்தா, அடுத்த சேதி ஓடைப்பக்கம்தான். இதுல யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?"

"மீறினா?" கட்டையன் கேட்டான்.

"பாறை வழக்கத்தை எடுத்துருவோம். யாரு வேணா ஏறி நடக்கலாம்."

ஆக்காட்டி இறக்கையை விரிச்சு முட்டையை மூடுச்சு.

"எண்ணுறதுக்குப் பாறையில ஒருத்தர் உக்காரணுமே?" செவலி கேட்டுச்சு.

"அட, எனக்கு என்ன வேலை கிடக்கு," அப்படின்னுச்சு கீரி. "நான் உக்காந்துக்கிறேன்."

மறுநாள்ல இருந்து கல்லு எண்ணிக்கை ஆரம்பிச்சுச்சு.

"மலைப்பக்கம், செந்நாய், முப்பது மரத் தூரம்."

கீரி ஒரு கல்லை வச்சுச்சு. "இப்போ ஓடை."

"ஓடையில ஒண்ணும் இல்லையே."

"தேடு."

ஆக்காட்டி தேடுச்சு. "ஓடைப்பக்கம், ஒரு நண்டு போகுது."

கீரி இன்னொரு கல்லை வச்சுச்சு. கட்டையனுக்கு ரொம்பத் திருப்தி. "இப்போதான் எங்க கரையும் இந்தக் காட்டுல இருக்குன்னு இவளுக்குத் தெரியுது."

நாலு நாள் கழிச்சுப் புதுப் புகார். மலைன்னு சொல்லும்போது குரல் ஏறுதாம், ஓடைன்னு சொல்லும்போது இறங்குதாம். செந்நாயைச் சொல்ற குரல்லயே நண்டையும் சொல்லணும்னு கூடிப் பேசி முடிவு பண்ணாங்க. ஆக்காட்டி ரெண்டையும் ஒரே தட்டைக் குரல்ல சொல்லப் பழகுச்சு. கேக்குறவங்களும் பழகிட்டாங்க. முதல்ல வர்றது நிஜம், பின்னாடியே வர்றது கல்லுக் கணக்குக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. முதல் சத்தத்துக்குத் தலையைத் தூக்குவாங்க. ரெண்டாவது சத்தத்துக்குக் காதைக்கூட ஆட்ட மாட்டாங்க.

எட்டாவது நாள் ஆக்காட்டிக்கு வயித்துக்கு அடியில என்னமோ குளிருச்சு. எந்திரிச்சுப் பாத்துச்சு. நாலு முட்டையில ஒண்ணு முட்டையே இல்ல, கூழாங்கல்லு. பறந்து தண்ணி குடிக்கப் போன நேரத்துல யாரோ மாத்தி வச்சிருந்தாங்க.

அது கீரியைப் பாத்துச்சு. கீரி கல்லை அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. மீசையில மஞ்சளா ஏதோ காஞ்சிருந்துச்சு.

"முட்டையைக் காணோம்," ஆக்காட்டி கத்துச்சு. "எல்லாரும் கேளுங்க, என் முட்டையைக் காணோம்."

"எந்தக் கரை?" கீரி கேட்டுச்சு.

"கரை இல்ல. பாறையில."

"பாறைக்கு ஏது குவியல்? எந்தக் கணக்குல வைக்கிறது?"

கரையில இருந்து கட்டையன் சிரிச்சான். "அவ சொந்தக் கதையை எல்லாம் நம்ம தலையில கட்டுறா பாரு."

செவலிக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சு. அதுவும் குட்டியைப் பறிகொடுத்ததுதானே. ஆனா வாயைத் தொறந்தா பன்னிங்க ஏதாவது சொல்லும்னு பேசாம இருந்துச்சு.

பத்தாவது நாள். வெயில் ஏறுற நேரம்.

காலையில மலைப்பக்கம் ஒரு கழுகு வட்டமடிச்சிருந்துச்சு. ஆக்காட்டி சொல்லியிருந்துச்சு. மலைக்குவியல்ல ஒரு கல்லு கூட இருந்துச்சு.

செவலி தண்ணிக்கு வந்துச்சு. குட்டி பக்கத்துல. இப்போ காலு நடுங்கல, துள்ளுச்சு. தண்ணியில மூக்கை வச்சுட்டுத் தும்முச்சு. கட்டையன் ரெண்டு குட்டியோட சேத்துல புரண்டுக்கிட்டு இருந்தான்.

ஆக்காட்டி மலையைப் பாத்துச்சு. ஆறு செந்நாய். சத்தமே இல்லாம இறங்குது. பதினஞ்சு மரத் தூரம்.

"கீரி, செந்நாய் வருது. ஆறு. சொல்லிக்கிறேன், விடு."

"ஓடைக்கு ஒண்ணு பாக்கி."

"குட்டிங்க நிக்குது கீரி!"

"சொல்லு. யாரு வேணாம்னா? ஓடையை முதல்ல சொல்லிட்டுச் சொல்லு. இல்லேன்னா சாயங்காலம் எல்லாக் குளம்பும் பாறை மேலதான். உனக்கு இன்னும் மூணு முட்டை இருக்கு."

பன்னண்டு மரத் தூரம்.

ஆக்காட்டி மூணு முட்டையையும் பாத்துச்சு. தண்ணியோரம் நின்ன குட்டியையும் பாத்துச்சு. சீக்கிரம் சொல்லி முடிச்சிட்டா ரெண்டையும் காப்பாத்திரலாம்னு நினைச்சுச்சு. ஓடைப்பக்கம் திரும்பி வாயைத் தொறந்துச்சு. நண்டுன்னு சொல்லத்தான் நினைச்சுச்சு. ஆனா கண்ணுல பாத்த செந்நாய் குரல்ல வந்துருச்சு.

"ஓடைப்பக்கம்!"

கொஞ்ச நாளா எந்தச் சேதியிலயும் யாரும் கேக்காத குரல். பயந்த குரல். நண்டுங்கிற வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள எல்லாரும் ஓடிட்டாங்க. ஓடைக்கு எதிர்ப்பக்கம். மலையைப் பாத்து.

"மலைப்பக்கம், செந்நாய்! மலைப்பக்கம்! திரும்புங்க!" ஆக்காட்டி பாறையை விட்டு எழும்பிச் சுத்திச் சுத்திக் கத்துச்சு.

செவலிக்கு அது காதுல நல்லாவே விழுந்துச்சு. ரெண்டாவது சத்தம். கல்லுக் கணக்குக்குச் சொல்றா, அப்படின்னு நினைச்சுச்சு. குட்டியை மூக்கால தள்ளிக்கிட்டு இன்னும் வேகமா மேட்டுல ஏறுச்சு.

கொஞ்ச நேரத்துல புல்லு அடங்கிருச்சு.

மத்தியானத்துக்கு மேல செவலி மட்டும் தண்ணிக்கு வந்துச்சு. கட்டையன் வந்தான், விலாவுல தோல் கிழிஞ்சு தொங்குச்சு. அவனோட ரெண்டு குட்டியும் வரல.

செவலி வழக்கத்தை மீறி, சேத்துல நடந்து, பாறைக்குக் கீழ வந்து நின்னுச்சு.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"முதல் சத்தம் நீங்க சொல்லச் சொன்னது," ஆக்காட்டி சொல்லுச்சு. "ரெண்டாவது நான் பாத்தது."

செவலி தலையைத் திருப்பி மலைமேட்டைப் பாத்துச்சு.

யாரும் நம்பாத அந்தக் கடைசி மலைச் சேதிக்குக் கீரி கல்லே வைக்கல. ரெண்டு குவியலையும் ஒருதடவை எண்ணிப் பாத்துச்சு. "மலையும் ஓடையும் சரியா இருக்கு. யாருக்கும் குறை வைக்கல," அப்படின்னு சொல்லிட்டு, பாறையில இருந்து இறங்கி நடந்துச்சு. யாரும் அதைத் தடுக்கல.

ஆக்காட்டி கத்திக்கிட்டே பாறைக்கு மேல சுத்துன நேரத்துல கீரி சும்மா உக்காந்திருக்கல. இப்போ ஆக்காட்டி இறங்கிப் பாத்தப்போ, குழியில நாலும் கூழாங்கல்லு. ஒவ்வொண்ணா அலகால தொட்டுச்சு. அப்புறம் பறந்துச்சு. மலைப்பக்கமும் போகல, ஓடைப்பக்கமும் போகல. மேல போய், கண்ணுக்குத் தெரியாம போயிருச்சு.

மறுநாள் செவலிக்குத் தாகம் தாங்கல. தண்ணிக்கு வந்துச்சு, குனியப் பாத்துச்சு, நிமிந்துருச்சு. குனிஞ்சா மலையை யாரு பாப்பா? எதிர்க்கரையில கட்டையனும் அதே மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டு நின்னான், ஓடையைப் பாத்து. நடுவுல பாறை காலியா இருந்துச்சு. ரெண்டு குவியலும் சமமா இருந்துச்சு.

சேதி சொல்றவங்க நம்ம பக்கமா அவங்க பக்கமான்னு கல்லு எண்ணாம, சொன்னது நிஜமான்னு மட்டும் பாருங்க, இல்லேன்னா நிஜமான ஆபத்து வர்ற அன்னைக்கு அதைச் சொல்லவும் ஆள் இருக்காது, நம்பவும் ஆள் இருக்காது.