உடையாள் கொடுத்த வாக்கு

தீர்ப்புச் சொல்லப் பிரியமுள்ளவர்கள் நெருங்கி உட்காருங்கள். இது மூவர் வழக்கு. மூவருமே நல்லவர்கள் என்பதுதான் இதில் சிக்கல்.

மணற்பாடியில் உப்பு வண்டிகளுக்குக் காவல் போகிறவர்கள் எல்லோரும் சிலம்பக்காரர்கள். அவர்களில் வைரவனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் மனைவி உடையாளும் கம்பு எடுத்தவள். களத்தில் ஆண்களோடு நின்று ஆடுவாள். ஆடுவதைவிட ஆடியதைப் பற்றிப் பேசுவதில் அவளுக்கு ஆசை அதிகம். பயிற்சி முடிந்ததும் திருமேனி என்ற இளங்காவலன் அவள் எதிரே வந்து உட்காருவான்.

"அக்கா, அந்த வீச்சில் என் தோள் ஏன் திறந்துகொண்டது?"

அவ்வளவுதான். மண்ணில் கோடு கிழித்து, எழுந்து நின்று காட்டி, மறுத்து, சிரித்து, பொழுது சாயும்வரை பேசுவார்கள்.

வைரவன் எட்ட நின்று பார்ப்பான். அந்தப் பேச்சில் கம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பான். அவனை எரித்தது வேறு. திருமேனியைவிட அவன் பல மடங்கு நன்றாக ஆடுவான். ஆனால், "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று உடையாள் கேட்டால் அவனுக்குப் பேச்சு வராது. "கம்பு வந்தது, அடித்தேன்" என்பான். நாளடைவில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அந்தக் காலத்தில் உப்பு வண்டிகள் கடந்துபோகும் கணவாயில் ஒரு கொள்ளைக்காரன் இருந்தான். தலைக்கு ஓங்குவதுபோல் ஓங்குவான். எதிராளி கம்பை உயர்த்தியதும் சட்டென்று திருப்பி, கம்பை முன்னால் பிடித்திருக்கும் அவனுடைய முன்கையின் மணிக்கட்டில் இறக்குவான். கம்பு நழுவியவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. வைரவன் திரும்பினான், மணிக்கட்டு உடைந்து.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தபோதுதான் அவன் முதல்முறையாகப் பேசினான். கொள்ளைக்காரனின் கண் எங்கே இருந்தது, கால் எப்படி நகர்ந்தது என்று வலியோடு நினைவுபடுத்திச் சொன்னான். உடையாள் கொள்ளைக்காரனாக நின்று பார்த்தாள், வைரவனாக நின்று பார்த்தாள். கடைசியில் வழி கிடைத்தது. அடியைத் தடுக்கக் கூடாது. கம்பு இறங்கும் நொடியில் முன்கைப் பிடியை விட்டுவிட வேண்டும். அவன் அடியின் வேகத்திலேயே நம் கம்பு பின்கையில் சுழன்று அவன் முழங்கையில் போய் விழும்.

உடையாள் குழந்தைபோலத் துள்ளினாள். வைரவனின் முகம் மட்டும் மாறியது. இதையும் அவள் களத்து மண்ணில் கோடு கிழித்துச் சொல்லப்போகிறாள்.

"இது நம் இருவருக்குள் இருக்கட்டும். யாருக்கும் சொல்லித்தர மாட்டேன் என்று சொல்" என்றான்.

கட்டுப் போட்ட அந்தக் கையைப் பார்த்தபடி அவள் வாக்குக் கொடுத்தாள்.

வைரவனின் கை தேறுவதற்குள் அடுத்த உப்பு வண்டி புறப்படும் நாள் வந்தது. காவலுக்குத் திருமேனியின் பெயர் விழுந்தது.

"அவனுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்" என்று கெஞ்சினாள் உடையாள்.

"அவனுக்கு மட்டும்! அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயந்தேன்." வைரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்."

மறுநாள் காலை, ஊர்க்காவலர் எல்லோரும் கூடியிருந்த களத்தில் உடையாள் திருமேனியைக் கூப்பிட்டாள். வைரவனும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தலைக்கு ஓங்கி என் மணிக்கட்டில் அடி. தயங்காதே."

அவன் அடித்தான். அவள் முன்கையை விட்டாள். கம்பு சுழன்று வந்து அவன் முழங்கையில் விழுந்தது. மறுபடி அடிக்கச் சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் வாங்கினான்.

"கையை எப்போது விடுகிறீர்கள் அக்கா?"

அவள் பதில் சொல்லவில்லை. இப்போது அவளே ஓங்கி அவன் மணிக்கட்டைக் குறிவைத்தாள். அடி பட்டது. திரும்பவும் பட்டது. பிறகு ஒருமுறை அவன் கை தானாகத் திறந்துகொண்டது, கம்பு சுழன்று அவள் முழங்கையில் விழுந்தது.

அங்கே நடப்பது என்னவென்று அவளைத் தவிர வைரவன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. எழ நினைத்தான். எழவில்லை. பல்லைக் கடித்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

திருமேனி கணவாயிலிருந்து முழுதாகத் திரும்பினான். அந்தச் சுழல் அடியில் கை ஒடிந்த கொள்ளைக்காரனை வண்டியில் கட்டிக் கொண்டுவந்தான். ஊர் அவனைத் தோளில் தூக்கியது. அந்த அடிக்கே 'திருமேனிச் சுழல்' என்று பெயர் வைத்தது.

அதை வைரவனால் தாங்க முடியவில்லை. களத்தின் நடுவே வந்து நின்றான். "உடைந்தது என் கை. பெயர் அவனுக்கா? இவள் வாக்குத் தவறினாள். அவன் என் வித்தையைத் திருடினான்."

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை, அடித்தேன், அவ்வளவுதான்" என்றாள் உடையாள்.

"உங்கள் வித்தை என்று எனக்குத் தெரியாது, மாமா. என் உடம்பில் விழுந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டேன்" என்றான் திருமேனி.

இப்போது சொல்லுங்கள். உடையாள் வாக்குத் தவறினாளா? திருமேனி திருடினானா? இந்த மூவரில் சரியாக நடந்தவர் யார்?

என் விடை இது. திருமேனி திருடவில்லை, வாங்கிய அடி வாங்கியவனுக்குச் சொந்தம். உடையாள் வாக்கை மீறத்தான் செய்தாள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக் காட்டுவதற்குச் சொல்லித்தருவது என்றுதான் பெயர். ஆனால் மறைவில் செய்யவில்லை, வாக்கு வாங்கியவன் கண்ணெதிரே செய்தாள். "நிறுத்து" என்ற ஒரு சொல் போதும், அவள் நிறுத்தியிருப்பாள். அந்தச் சொல்லை வயிற்றெரிச்சலோடு விழுங்கிய வைரவன்தான் அன்று சரியாக நடந்தவன். அவன் விழுங்கிய சொல்தான் திருமேனியைக் காப்பாற்றியது. பிறகு அதைத் தானே மறந்து வழக்காடியது அவன் தவறு. "அடித்தேன், அவ்வளவுதான்" என்று ஒளிந்துகொண்டது அவள் தவறு. இதை நான் மட்டும் சொல்லவில்லை, அன்று மாலை உடையாளே, "மீறினேன். நீங்கள் தடுக்காததால்தான் முடிந்தது" என்று கணவனிடம் ஒப்புக்கொண்டாளாம். அதற்கு வைரவன், "திருமேனி பின்காலை ஊன்றும் விதம் இன்னும் தப்பு. நாளைக்கு அழைத்து வா, சொல்கிறேன்" என்றானாம்.