தண்ணி டேங்க் மேல ரெண்டு கல்லு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு செண்பகவடிவு. ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டா, அப்படியே உன்ன மாதிரி! கால நீட்டிப் படு. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அவ போன தடவ பிசிக்ஸ் பரிட்சையில கோட்ட விட்டுட்டா. நர்சு படிக்கணும்னு அவளுக்கு உசுரு. அப்பா கறாரா சொல்லிட்டாரு, "இந்தத் தடவயும் போச்சுன்னா நூல் மில்லுதான்." ஆனா புஸ்தகத்தத் தொறந்தாலே கால் குறுகுறுங்கும், எந்திரிச்சு ஓடிருவா.

அப்புறம் ஒரு நாள் புஸ்தகத்துல இருந்த கேள்விக்குள்ளயே போய் நின்னுட்டா. மனசாலதான்! லிஃப்டுக்குள்ள எடை மிஷின் மேல ஏறுனா. கயிறு படார்! மிஷினும் கூடவே விழுது, இவ எத அழுத்துவா? எடை சைபர். "ஆத்தாடி!"ன்னா. அப்புறம் ஓடுற ரயில்ல கொய்யாக்காய மேல தூக்கிப் போட்டா, அது அவ கைக்கே வந்துச்சு. காயும் ரயிலோட ஓடுதுல்ல?

அப்புறம் தண்ணி டேங்க் மேல ஏறி பெரிய கல்லு, சின்னக் கல்லு ரெண்டையும் போட்டா. பெருசுதான் முந்தும்னு நெனச்சா. சரி, ரெண்டையும் சேத்துக் கட்டிப் போடு. சின்னது மெதுவாப் போறதுன்னா பெருச இழுத்துப் புடிக்கும். ஆனா கட்டுனா கனம் கூடிருச்சே, வேகமால்ல போகணும்? ரெண்டும் எப்படி நடக்கும்? அப்போ ரெண்டு கல்லும் ஒண்ணாத்தான் விழணும்! தூங்கிட்டியா? ம், சரி.

பரிட்சையில அதே கேள்வி. எந்தக் கல்லு மொதல்ல விழும், ஏன்? இவ மோட்டுவளையப் பாத்து, ரெண்டு கையயும் தூக்கித் தூக்கிக் கீழ விட்டா. காவலுக்கு நின்னது வரலாறு எடுக்குற மரகதவல்லி டீச்சர். "ஏய்!"ன்னாங்க. மறுபடி தூக்குனா. "யாருக்குடி ஜாடை காட்டுற?" மூணாவது தடவ விருட்டுனு பேப்பரப் புடுங்கிட்டாங்க. இவ பதறி எந்திரிச்சா, பாவம்.

"டீச்சர், கல்லு போட்டுப் பாக்குறேன்!"

"எங்கடி கல்லு?"

"மனசுல. ரெண்டும் ஒண்ணா விழுது டீச்சர்."

"யாருகிட்ட கத விடுற? கனமானதுதான் மொதல்ல விழும்!" ஒரு கையில டஸ்டர், ஒரு கையில சாக்பீஸ், ஒசத்திப் புடிச்சு விட்டாங்க.

டப்! ஒரே சத்தம்.

ஹால்ல அத்தன பேனாவும் சரசரன்னு ஓடுச்சு. 'ஏன்'ங்கிற எடத்துல அத்தனையும் நின்னுச்சு. டீச்சர் பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டு, குனிஞ்சு கேட்டாங்க. "ஏன்டி அப்படி?"

"இப்பச் சொன்னா ஹால் பூரா எழுதிருவாங்க டீச்சர். மணி அடிக்கட்டும்."

அப்போ டீச்சருக்கு இருப்பே கொள்ளல. நடக்குறாங்க, மணி பாக்குறாங்க, நடக்குறாங்க. இவ மட்டும் கால்கூட ஆட்டாம எழுதுனா.

பாஸாக முப்பத்தஞ்சு வேணும், முப்பத்தாறு வந்துச்சு. அந்தக் கேள்விக்கு மட்டும் அஞ்சு. அப்பா அன்னைக்கே பஸ் ஏறிப் போயி நர்சிங் ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டாரு.

அவ்வளவுதான், கதையும் ஆச்சு, என் தொண்டையும் வத்தியாச்சு. லிஃப்டுல இருந்தவ கீழ விழுந்து என்ன ஆனான்னு கேட்ட, கொன்னுருவேன். தூங்கு.