கடலுக்குக் காவல் இருந்தவ

ஒரு ஊர்ல ஒரு லைப்ரரி இருந்துச்சு. கடலோர ஊரு. ம் கொட்டணும், சரியா? இல்லன்னா அத்தை பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவேன். ம்... அப்படித்தான்.

அந்த ஊர்ல பவழக்கொடின்னு ஒரு பொண்ணு. ஒம்பதாவது படிக்கிறவ. போன மழைக்கு அவ வீட்டுக்குள்ள கடல் தண்ணி சளசளன்னு வந்துடுச்சு. அவ அம்மா கட்டில் மேல அடுப்ப வெச்சுக் கஞ்சி காய்ச்சுனா. உலகம் சூடாகுது, கடல் இன்னும் ஏறும்னு ஸ்கூல்ல வேற சொல்லிக் குடுத்தாங்களா, அன்னையிலேருந்து பவழத்துக்குத் தூக்கம் போச்சு. அவ தூங்கிட்டா கடல் வந்துடுமாம், பாக்க ஆளு இருக்காதாம். படுத்துக்கிட்டே அலைச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருப்பா. பகல்ல வகுப்புல தலை ஆடும், வாத்தியார் திட்டுவாரு. பாவம், சின்னப் புள்ளைக்கு என்ன கஷ்டம் பாரு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனா. அங்க புக்கு எடுத்துக் குடுக்குறது மைமூன் அக்கா.

"என்னம்மா வேணும்?"

"கடல் எப்போ வரும்னு தெரியணும்க்கா."

மைமூன் அக்காவுக்கு ஒரு வழக்கம். யாரு என்ன கேட்டாலும் கைய அலமாரிக்குத்தான் நீட்டுவாங்க. தலைவலின்னு சொன்னாக்கூட தைலம் தர மாட்டாங்க, வைத்தியப் புக்குத்தான். எடுத்தாங்க ஒரு குண்டு புக்கு. தொப்! பவழம் படிச்சா. பயம் கூடிப்போச்சு.

அடுத்த வாரம் படம் போட்ட புக்கு. பனிமலை மடார்னு ஒடஞ்சு விழுற படம். இன்னும் கூடிப்போச்சு. ம் சொல்லு.

அதுக்கடுத்த வாரம், கவலைப்படாம இருக்குறது எப்படின்னு ஒரு புக்கு. தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கணுமாம். வீட்டுக்குள்ள தண்ணி வரும்போது கண்ணாடியப் பாத்து சிரிக்கிறதாம்! எழுதுனவன் என் கையில கெடச்சான்னா...! சரி, விடு.

அப்போ பவழம் அந்தப் புக்க மேசையில போட்டுட்டு 'ஓ'ன்னு அழுதுட்டா. மைமூன் அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? தலையக்கூட நிமித்தாம, "ஷ்ஷ்ஷ்!"

அழுற புள்ளையப் பாத்து யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? பவழம் அழுகைய முழுங்கிட்டு விடுவிடுன்னு வாசலுக்கு நடந்தா. அப்போதான் அக்காவுக்கு சுருக்குன்னுச்சு. செருப்புகூடப் போடாம பின்னாலயே ஓடிக் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"தப்பு பண்ணிட்டேன்மா. வாய் பழகிப்போச்சு. உள்ள வா, நல்லா அழு. இன்னிக்கு யாரும் படிக்க வேணாம்."

பவழம் எல்லாத்தையும் சொன்னா. "அடுத்த தடவை கட்டில் உசரம் பத்தலன்னா என்னக்கா பண்றது?"

அப்போ பேப்பருக்குப் பின்னாலேருந்து ஒரு குரல். தெனமும் பேப்பர் படிக்க வர்ற தங்கப்பன் தாத்தா. "எனக்கும் பயந்தான் தாயி. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

பரிட்சைக்குப் படிக்கிற குமரேசனும் தலையச் சொறிஞ்சான். "மழைன்னாலே எனக்குப் படிப்பு ஓடாது."

பவழத்துக்கு ஆச்சரியம்னா ஆச்சரியம். தனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தா!

அப்புறம் வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் அந்த லைப்ரரியில பேச்சுதான். தெருப் புள்ளைங்க எல்லாம் வந்துச்சுங்க. ஒருத்தி அழுதா, ஒருத்தன் பெரியவங்க மேல கோவப்பட்டான். பேசப் பேச வேலையும் பிரிஞ்சுது. புள்ளைங்க ஊர்க்காரங்கள நச்சரிச்சு, வாய்க்கால்ல அடைச்ச குப்பைய எல்லாருமா அள்ளுனாங்க. புயல் சேதி வந்தா வீடு வீடாச் சொல்றது குமரேசன். தண்ணி வந்தா லைப்ரரி மாடியத் தெறந்து விடுறது மைமூன் அக்கா.

ஆனாலும் பவழம் தூங்கல.

"இன்னுமா தூங்கல நீ?"ன்னு தாத்தா கேட்டாரு.

"நான் தூங்கிட்டா கடல யாரு தாத்தா பாக்குறது?"

தாத்தா பொக்கை வாயால சிரிச்சாரு. "எனக்கு இந்த வயசுல தூக்கம் எங்க வருது? சும்மா கூரையப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். கடலையும் நானே பாத்துக்குறேன். வந்துச்சுன்னா மொதல்ல உங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ்வளவுதான். அங்கயே மேசையில தலைய வெச்சா. கொர்ர்ர்... எத்தனை நாள் தூக்கம்! அவ அம்மா வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போற வரைக்கும் அக்கா லைப்ரரியப் பூட்டவே இல்ல.

கடல் வந்துச்சான்னா கேக்குற? வந்துச்சுடா செல்லம். உன்கிட்ட எதுக்குப் பொய்? அடுத்த மழைக்கும் வந்துச்சு. தாத்தா டம டமன்னு கதவத் தட்டுனாரு, தெருவே லைப்ரரி மாடி ஏறிடுச்சு. வாய்க்கால் சுத்தமா இருந்துச்சா, தண்ணியும் சீக்கிரமே வடிஞ்சுது.

ம் காணோமே? சரி, கதையும் கரை சேந்தாச்சு. கண்ண மூடு. இன்னிக்கு அத்தை முழிச்சிருக்கேன்.