பஸ் ஏறுமுன் ஒரு வசனம்

ஞானாபரணம் அண்ணாச்சியின் வாயில் எந்நேரமும் ஒரு பைபிள் வசனம் தயாராக இருக்கும். பால் திரிந்தால் ஒன்று, பல் வலித்தால் ஒன்று, எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கினால் இன்னொன்று. அவருடைய மனைவி உயிரோடு இருந்த காலத்தில், குழம்பில் உப்புக் குறைந்தால் சாரமற்ற உப்பைப் பற்றி வேதம் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் தன் தட்டில் கை வைக்க முடியும். அவள் பதிலுக்கு எதுவும் சொன்னதில்லை. சாந்தமுள்ள ஆத்துமா என்று கல்லறையில் எழுதி வைத்தார்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஊழியம் செய்ய ஆசை வந்தது. வேதத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள பெர்சிஸ் டீச்சரிடம் சேர்ந்தார். டீச்சர் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அங்கிருந்த பெரியவர்களுக்கு அவருடைய கேள்விகள் பிடிக்காமல் போனதால் வெளியே வந்தவர். பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால், தம் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுப்பார். அதிகம் பேச மாட்டார். அண்ணாச்சிக்கு அதில்தான் குறை. இவ்வளவு தெரிந்த மனுஷி இவ்வளவு கஞ்சத்தனமாகப் பேசலாமா?

வகுப்பு இல்லாத ஒரு மத்தியானம், அண்ணாச்சி தம் மகளோடு வந்து கதவைத் தட்டினார். மகள் கையில் ஒரு பெட்டி.

"வாங்க அண்ணாச்சி. இது ஹெப்சிபாவா? பாதியாப் போயிட்டாளே."

"மாப்பிள்ளை வீட்டுல உபவாச ஜெபம் ஜாஸ்தி, டீச்சர்" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

ஹெப்சிபா சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்துகொண்டு சிரித்த சிரிப்பு.

மகளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அண்ணாச்சி விஷயத்துக்கு வந்தார்.

"தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். மறுபடியும் கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. முதல் தடவை வந்தப்ப பொறுமையைப் பத்தி ஒரு வசனம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த தடவை கீழ்ப்படிதல். ரெண்டும் நிக்கலை. நீங்க பார்த்து, பலமா ஒண்ணு குடுங்க. இனி இவ திரும்பி வரக் கூடாது."

மருந்துக் கடையில் வீரியம் கூடின மாத்திரை கேட்கிற தோரணை.

"ஏன் வந்தாளாம்?"

"சொல்ல மாட்டேங்கா. புருஷனைக் குறை சொல்லக் கூடாதுன்னு வளர்த்திருக்கேன்ல."

டீச்சர் ஹெப்சிபாவைப் பார்த்தார். அவள் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நீங்களே ஒண்ணு வாசிங்க அண்ணாச்சி. உங்களுக்குப் பிடிச்சதா. யாரையும் பயமுறுத்தாததா."

அண்ணாச்சிக்கு வாசிக்கச் சொன்னால் போதும். அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை ஆரம்பித்தார். அவருடைய குரலுக்குக் கன்வென்ஷன் பந்தலில் மைக் தேவைப்படாது என்பார்கள். அடிவயிற்றிலிருந்து வரும், ஒவ்வொரு சொல்லின் நுனியிலும் கொஞ்சம் இழுவை இருக்கும்.

முதல் வரி முடியவில்லை, ஹெப்சிபா பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டாள். சேலையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே சுருட்டி ஏற்றிக்கொண்டு, வெறும் முழங்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி வாசிப்பதை நிறுத்தாமலே டீச்சருக்குக் கண்ணைக் காட்டினார். பார்த்தீர்களா வளர்ப்பை?

"நிறுத்துங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஹெப்சி, முழங்கால் போடும்போது எல்லாரும் சேலையைக் கீழ இழுத்துவிடுவாங்க. நீ ஏம்மா மேல ஏத்தினே?"

"துணி இருந்தா..." அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "துணி இருந்தா ஜெபம் மேல போகாதுன்னு சொல்லுவாங்க."

"யாரு?"

"அவங்க."

"வீட்டுல எந்த இடத்துல ஜெபம்?"

"மொட்டை மாடி."

"வெயில்லயா?"

"தப்பைப் பொறுத்து."

அண்ணாச்சி வேதாகமத்தை மூடினார்.

"போன வாரம் என்ன தப்பு?"

"தோசை கல்லுல ஒட்டிக்கிட்டு. அதுக்கு முந்தி, அவங்க பேசும்போது கண்ணைப் பார்த்துட்டேன்."

"எம்புட்டு நேரம்?"

"நேரம்லாம் கிடையாது டீச்சர். மனைவிமாரைப் பத்தின பகுதி, புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு வருதே, அதைத் தப்பில்லாம சொல்லி முடிக்கணும். தப்பு வந்தா முதல்ல இருந்து. எனக்கு மனப்பாடம்தான். தண்ணி இல்லாம நாக்கு ஒட்டிக்கிடும், அதான் தப்பு வந்துரும்."

கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்ததற்குக் காரணம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க."

அண்ணாச்சி வந்தார். அவர் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. கறுத்து, தடித்து, வெடித்த முழங்கால்கள். வலது முழங்காலின் நடுவில் ஆறாத ஒரு ஈரம். போன கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தபோதே அவற்றைப் பார்த்திருந்தார். பார்த்ததோடு விடவில்லை. புது வருஷ ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னார்: ஒட்டகத்துக்குக் காய்த்திருப்பதுபோல என் மகளுக்கு முழங்கால் காய்த்திருக்கிறது, ஜெபித்தே காய்த்தது, உங்கள் பிள்ளைகளின் முழங்கால் எப்படி இருக்கிறது? சபை அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவும் சொன்னாள்.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"சாட்சி சொன்னீங்களே."

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டென்று எழுந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தது ஒரு வகையில் அவருக்கே ஆறுதலாக இருந்தது.

"புருஷன்மாருக்கும் உண்டு டீச்சர்! அதே அதிகாரத்துல, அடுத்த பத்தியிலயே உண்டு! அதை மட்டும் தாண்டிப் போயிட்டானா அவன்? நல்லா உறைக்கிற மாதிரி அவனுக்கு ஒரு வசனம் எடுத்துக் குடுங்க!"

டீச்சர் ஹெப்சிபாவைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்தார். மேஜைமேல் கிடந்த ஒரு தாளை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"இதை வாசிங்க."

"இது கரண்டு பில் கட்டின ரசீதுல்லா?"

"உங்க ஆபீஸ் தாள்தானே. வாசிங்க. வசனம் வாசிக்கிற குரல்ல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கேலி என்று நினைத்திருப்பார். டீச்சர் முகத்தில் கேலி இல்லை. சொன்னதைச் செய்கிற மாணவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மின் இணைப்பு எண்..." அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். "வீட்டு உபயோகம். மும்முனை இணைப்பு. தாமதக் கட்டணம் ஏதுமில்லை..."

பெஞ்சு கிரீச்சிட்டது. ஹெப்சிபா இறங்கினாள். சேலையை ஏற்றினாள். முழங்காலை ஊன்றினாள். அப்பா கையில் என்ன தாள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"...பணம் பெற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி."

"ஆமென்" என்றாள்.

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இவளுக்குக் காது கேக்கலையா டீச்சர்?"

"நல்லாக் கேக்குது." டீச்சர் அவளை மறுபடி தூக்கினார். இந்தத் தடவை அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. "ஹெப்சி, இந்தக் குரலை நீ முதல்ல எப்பக் கேட்டே? கல்யாணத்துக்குப் பிந்தியா?"

அவள் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முந்தியா?"

தலை லேசாக அசைந்தது.

அண்ணாச்சிக்குப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை எட்வின் ஒரு முழு அதிகாரத்தைப் பார்க்காமல் சொன்னான். அடிவயிற்றுக் குரல், நுனியில் இழுவை. அண்ணாச்சி சொக்கிப்போய், காபி வருவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார். அவர் மனைவி சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு, "பையனோட அம்மா முகத்தைப் பாத்தீங்களா? அவன் வாயைத் திறந்தா அந்த மனுஷி நடுங்குது" என்றாள். அதற்கும் அவரிடம் ஒரு வசனம் இருந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. எட்வின்தான். காது மந்தமாகத் தொடங்கியதிலிருந்து அண்ணாச்சி எல்லோரிடமும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மாமா, ஸ்தோத்திரம். பஸ் ஏறியாச்சா? சாயங்கால ஜெபத்துக்குள்ள வந்துரணும்."

"இல்ல மாப்பிள்ளை. ஹெப்சி வரலை."

"பின்ன எப்ப வாரா?"

"வரலை."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், தேவன் இணைத்ததை யாரும் பிரிக்கக் கூடாது என்பதில் ஆரம்பித்தது குரல். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே மாமா? கல்யாணத்தன்னைக்கு நீங்கதானே மைக்ல சொன்னீங்க?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்தது. புருஷன் எப்படி அன்புகூர வேண்டும் என்பதை எடுத்து வீசினார். எட்வின், புருஷனே மனைவிக்குத் தலை என்பதைச் சொன்னான். அண்ணாச்சி, மனைவிமேல் கசந்துகொள்ளக் கூடாது என்பதைப் போட்டார். அவன் ஒன்று, இவர் இரண்டு. அதிகாரமும் வசன எண்ணும் பிசகவில்லை. விரல் உயர்ந்தது. குரல் முன்னறையை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. எட்வின் திணற ஆரம்பித்தான். ஓரிடத்தில் ஏதோ தப்பாகச் சொன்னான். அண்ணாச்சி அதைத் திருத்தி, திருத்தியதை வைத்தே அவனை அடித்தார். கடைசியில், பக்தி வேஷம் போடுகிறவர்களைச் சபிக்கும் 'மாயக்காரரே, உங்களுக்கு ஐயோ' என்பதை இடிபோல முழங்கினார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மூச்சு வாங்கியது. வாழ்நாளில் இவ்வளவு நன்றாக அவர் பிரசங்கித்ததில்லை.

"எப்படி டீச்சர்?" என்று திரும்பினார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை.

ஹெப்சிபா தரையில் இருந்தாள். சேலை ஏறியிருந்தது. வலது முழங்காலுக்கு அடியில் சிமெண்டில் ஒரு சிவப்பு ஈரம் பரவியிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடுகள் வேகமாக அசைந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி குனிந்து காதைக் கொடுத்தார். மனைவிமாரைப் பற்றிய பகுதி. ஒரு சொல் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஹெப்சி, அப்பா உனக்காகத்தாம்மா பேசினேன்."

உதடுகள் நிற்கவில்லை.

"அவனைத்தாம்மா திட்டினேன். உன்னையில்ல."

அவள் தடுமாறினாள். ஒரு சொல் தப்பிவிட்டது. தப்பின இடத்தில் நின்று, எச்சிலை விழுங்கிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"எந்திரிம்மா... போதும்மா... எந்திரி."

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த வேதாகமத்தைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. என்ன எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றது. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"எதைச் சொன்னா எந்திரிப்பா டீச்சர்?"

"வாயை மூடுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கையைக் கொடுங்க."